உன் அப்பாவுக்குக் கிடைத்த ஓய்வு

ராசாவுக்கு,

இங்கே போடியில் எல்லோரும் சௌக்கியம், என்னைத் தவிர. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. சர்க்கரை இல்லை, கொதிப்பு இல்லை. எனக்கு வந்திருப்பது பொறாமை. அறுபதை நெருங்குகிற வயதில் ஒரு பொம்பளைக்கு இது இப்படித் தலைக்கேறும் என்று யாராவது முன்பே சொல்லியிருந்தால் கொஞ்சம் தயாராக இருந்திருப்பேன். போனில் பேசலாம் என்றால் நீ, "சரிம்மா, சரிம்மா, மீட்டிங் இருக்கு" என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. வைத்தாலும் மறுபடி எடுக்கும்போது விட்ட இடத்திலேயே நிற்கும். எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுதியதுதானே என்று மேலோட்டமாக மேயாதே, முழுதாகப் படி. பொங்கல் முடிந்ததும் சென்னைக்கு வர எனக்கு ரயில் டிக்கெட் போட்டுவிட்டதாகப் போன மாதம் சொன்னாய். நிவேதாவின் பிரசவ லீவு தையோடு முடிகிறது, அவள் வேலைக்குப் போகும்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள நான் அங்கே வந்து இருக்க வேண்டும். ஒரு வருடமா, ஐந்து வருடமா, அதை நீ சொல்லவில்லை. வருகிறாயா என்று கேட்கவும் இல்லை. நீ கேட்காத கேள்விக்குத்தான் இந்தப் பதில்.

முதலில் உன் அப்பா. பொறாமை அவரிடம்தான் தொடங்கியது. மின்சார ஆபீஸில் அவருக்குப் பணி நிறைவு விழா நடந்தபோது உனக்கு லீவு கிடைக்கவில்லை, வீடியோவில் பார்த்தாய். வீடியோவில் வராததைச் சொல்கிறேன், கேள். ஆபீஸில் விழாவை முடித்து, ஜீப்புக்குத் தோரணம் கட்டி, அவரை முன்னால் உட்கார வைத்து, தெரு முனையில் வெடி போட்டு வீடுவரை கொண்டுவந்து விட்டார்கள். பொண்டாட்டி இல்லாமல் மரியாதை நிறையாதாம், வாசலில் எனக்கும் ஒரு நாற்காலி போட்டு, என் கழுத்திலும் மாலை போட்டார்கள். பெரிய அதிகாரி ஒருவர் பேசினார். "அண்ணன் மழைன்னும் பாக்கல, காத்துன்னும் பாக்கல, கம்பத்துல ஏறுனாக. அவுக ஏறுனதாலதான் நம்ம வீட்டுல வெளிச்சம். இனிமே அண்ணன் நல்லா ஓய்வெடுக்கணும்" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும்தான் தட்டினேன், கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அது காய்வதற்குள் உன் அப்பா என் பக்கம் சாய்ந்து, "அம்புட்டுப் பேரும் நிக்கிறாக பாரு, போய் காப்பியப் போடு" என்றார். மாலையோடு போனேன். கேஸ் அடுப்புப் பக்கத்தில் குனிந்தால் சம்பங்கி உதிர்ந்து பாலில் விழுகிறது. கழற்றிச் சிலிண்டர் மேல் போட்டுவிட்டு டம்ளர்களைக் கழுவினேன். வெளியே ஓய்வைப் பற்றி இன்னும் யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்றிலிருந்து பார்க்கிறேன். காலையில் எழுந்து பேப்பர். பிறகு கடைவீதிக்கு நடை. பதினோரு மணிக்கு ஒரு காப்பி, மத்தியானம் தூக்கம், சாயங்காலம் கூட்டாளிகளோடு பேச்சு. யாராவது ஒரு வேலை சொன்னால், "நான் ரிட்டயர்டு ஆளப்பா" என்கிறார். அதைச் சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு களை! கேட்கிறவர்களும், "ஆமாமா, அண்ணன் ஓய்வுல இருக்காக" என்று விலகிப் போகிறார்கள். அவர் உழைக்கவில்லை என்று நான் எங்கே சொன்னேன்? ஆனி ஆடியில் மலையிறங்கி வருகிற காற்று கம்பியை அறுத்துப் போடும்போது அவர் சோற்றைப் பாதியில் விட்டு எழுந்து போனதை நான்தானே பார்த்தேன். ஆனால் அவர் வேலைக்குப் போனவரை எனக்குப் பகலிலாவது கொஞ்சம் நேரம் இருந்தது. இப்போது ஆள் முழுநேரமும் வீட்டில். அவர் ஓய்வு பெற்றதில் எனக்கு வேலை கூடியிருக்கிறது. நான் எங்கே போய், "நான் ரிட்டயர்டு பொம்பள" என்று சொல்ல? சொன்னால் சிரிப்பார்கள். எதிலிருந்து என்று கேட்பார்கள்.

ஏன், எனக்கும் வேலை இருந்ததே. நீ பிறப்பதற்கு முன்பிருந்து நீ காலேஜ் முடிக்கும்வரை ஏலக்காய்க் குடோனில் காய் பொறுக்கினேன். வரிசையாக உட்கார்ந்து பச்சை தனி, வெளுத்தது தனி, வெடித்தது தனி என்று பிரித்துக்கொண்டே இருந்தோம். ஒருநாள் கணக்கப்பிள்ளை வந்து, "ஆளுக்கு ஒரு கையெழுத்துப் போடுங்க. கூலியில கொஞ்சம் பிடிப்போம், மொதலாளியும் தன் பங்குக்குப் போடுவாரு, வயசான காலத்துல மாசாமாசம் வரும்" என்றார். நாங்கள் எல்லோரும் சண்டைக்குப் போனோம். "பிடித்தமெல்லாம் ஆகாது. எங்க கூலிய முழுசா எங்க கையில குடுங்க" என்று கத்தியதில் என் சத்தம்தான் பெரிய சத்தம். சந்தை நாளில் கையில் முழுக்கூலி இருந்தால்தான் வீட்டுக்கு அரிசி பருப்போடு போகலாம், வயசான காலம் எங்கேயோ கேரளாவுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது என்று நினைப்பு. பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேச்சி மட்டும் வாய் பேசாமல் போய்க் கையெழுத்துப் போட்டாள். அவளை நாங்கள் எவ்வளவு கேலி செய்தோம்! "பேச்சி கலெக்டர் ஆகப்போறா, பென்ஷன் வாங்கப்போறா" என்று பாட்டே கட்டினோம்.

இப்போது வாங்குகிறாள். சின்னத் தொகைதான். ஆனாலும் மாதம் பிறந்தால் தலையைச் சீவி, பூ வைத்து, தானே ஏ.டி.எம்.முக்குப் போகிறாள். வருகிற வழியில் ஒரு வடை வாங்கித் தின்கிறாள். வீரபாண்டித் திருவிழாவுக்குப் போக யாரிடமும் பஸ் காசு கேட்பதில்லை. "ஏத்தா, காசு பெருசில்ல. யாரு மூஞ்சியயும் பாத்துக் கேக்க வேண்டியதில்ல பாரு" என்று அவள் சொன்ன அன்றைக்கு என் வயிறு எரிந்த எரிச்சல் இருக்கிறதே, அதில் ஒரு உலை கொதிக்க வைத்திருக்கலாம். உன் அப்பா கேட்டால் கொடுப்பார், இல்லை என்று சொன்னதே இல்லை. ஆனால் எதற்கு என்று கேட்டுவிட்டுக் கொடுப்பார். எதற்கு என்று பேச்சியை யார் கேட்கிறார்கள்?

இந்த எரிச்சலில் இருந்தபோதுதான் தீபாவளிக்கு நீங்கள் வந்தீர்கள். நிவேதா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், நான் உளுந்த வடை சுட்டுக்கொண்டிருந்தேன், நீ கூடத்தில் லேப்டாப்பைத் திறந்து உன் அப்பாவுக்கு விளக்கினாய். மாதாமாதம் இவ்வளவு ஃபண்டில் போடுகிறேன், வீட்டுக்கடன் இன்ன வருடத்தில் முடியும், ஐம்பது வயதில் வேலையை விட்டுவிடுவேன், பிறகு மலையேறுவேன், கிட்டார் கற்றுக்கொள்வேன். உன் அப்பா பூரித்துப் போனார். நிவேதா கேட்டாள், "அப்ப நானு?" நீ சிரித்தாய். "நீ வேணும்னா வேலைக்குப் போ, யாரு வேணாங்குறா?" அவளும் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வடை கருகியது. உன் அப்பா, "பிள்ள இருக்கேப்பா, அதுக்கு ஆள் வச்சா செலவுல்ல?" என்று கேட்டார். நீ தலையைக்கூடத் தூக்காமல், "அதுக்கென்னப்பா, அம்மா வந்துரும்ல" என்றாய். அவ்வளவுதான். உன் ஐம்பது வயது ஓய்வுக்கு என் அறுபது வயது வேலை முட்டுக்கொடுக்கிறது. நான் கரண்டியும் கையுமாக அங்கனயேதான் நின்றேன்.

உனக்கே கொஞ்சம் உறுத்தியிருக்கும் போல. அடுப்படிக்கு வந்து என் தோளைத் தொட்டு, "நீ எதுக்கும் கவலப்படாதம்மா. அப்பாவுக்கு அப்புறம் ஃபேமிலி பென்ஷன் உனக்குத்தான் வரும்" என்றாய். நல்ல மனதோடுதான் சொன்னாய், தெரியும். ஆனால் யோசித்துப் பார். எனக்கு என்று ஒரு பென்ஷன் வர வேண்டுமென்றால் உன் அப்பா சாக வேண்டும். அவரைச் சாகவிட்டுத்தான் நான் ஏ.டி.எம்.முக்குப் பூ வைக்காமல் போக வேண்டும். இது என்னடா கணக்கு? அந்த மனுஷன் நூறு வயது இருக்கட்டும். எனக்கு அவர் இருக்கும்போதே வேண்டும்.

அடுத்தது உன் மாமியார். இங்கேதான் என் பொறாமை கொழுந்துவிட்டு எரிகிறது, மறைக்க மாட்டேன். நிவேதா பிரசவத்துக்குப் போயிருக்கிற தேவதானப்பட்டிக்குப் பிள்ளையைப் பார்க்கப் போகும்போதெல்லாம் தேனி, பெரியகுளம் என்று பஸ் மாறி மாறி, பூண்டும் கருப்பட்டியும் சுமந்துகொண்டு போய் இறங்குவேன். டீச்சரம்மா சேலைக்குக் கீழே வெள்ளை ஷூ போட்டு நடைப்பயிற்சி முடித்துவிட்டு வருவார். பிள்ளையைக் குளிப்பாட்ட ஒரு ஆள், சமைக்க ஒரு ஆள். உட்கார்ந்த இடத்துக்குக் காப்பி வருகிறது. நான் சாப்பிட்ட தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தால், "வைங்க மதினி, அவுக வந்து எடுப்பாக" என்கிறார். அந்தத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருக்க எனக்குக் கை வரவில்லை. என் கையைப் பார்த்து எனக்கே ஆத்திரம் வந்தது. ஒருநாள் பிள்ளை தொட்டிலில் தூங்கியதும் கேட்டேவிட்டேன். "மதினி, கொஞ்ச நாள் நீங்களும் மெட்ராசுல போய் இருக்கலாமுல்ல? ஆளுக்கு ஆறு மாசம்னு வச்சுக்கிடலாம்." அவர் முட்டியைத் தடவிக்கொண்டார். "எனக்குப் படியேற முடியாது மதினி. மாசியில வேற நாங்க ரிட்டயர்டு டீச்சர்க எல்லாம் காசிக்குப் போறோம். மாப்பிள்ளகிட்ட முடியாதுன்னு சொல்லிட்டேன். சரி அத்த, நீங்க ரெஸ்ட் எடுங்கன்னுட்டாரு." "அப்பப் பிள்ளய யாரு பாப்பாக?" என்றேன். "அதான் நீங்க இருக்கீகளே! நீங்க இருக்கீகங்குற தைரியத்துலதான் நான் முடியாதுன்னே சொன்னேன்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அன்பாகத்தான் பிடித்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் எனக்கு ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தும் எதையும் பார்க்கவில்லை. நீ அவரிடம் ரெஸ்ட் எடுங்கள் என்று சொன்னாயாம். அதே வாயால் எனக்கு டிக்கெட் போட்டாய். அவர் முப்பது வருடம் வேலை பார்த்தார் என்பது அரசாங்கத்துக்குத் தெரியும், அதனால் அவர் களைத்துப் போயிருக்கிறார் என்பது உனக்கும் தெரிகிறது. அவருக்கு முட்டி வலித்தால் அது வலி. எனக்கு வலித்தால் தைலம். அந்த அம்மாவும் காலையில் சோறாக்கி வைத்துவிட்டுத்தான் பள்ளிக்கூடம் ஓடியிருப்பார், அதெல்லாம் எனக்குப் புரியாமல் இல்லை. புரிந்தால் பொறாமை குறையும் என்கிறார்கள். எனக்குக் குறையவில்லை. பென்ஷன் வாங்குகிறவளுக்கு முடியாது என்று சொல்ல ஒரு வாய் இருக்கிறது, அந்த வாயைப் பார்த்துத்தான் எனக்குப் பொறாமை. காசிக்குப் போவதைப் பார்த்துக்கூட இல்லை. சரி, காசியும்தான்.

நிவேதாவையும் விட்டுவைக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பெற்றதற்கு ஆறு மாதம் சம்பளத்தோடு லீவு! உன்னைப் பெற்ற பச்சை உடம்போடு உன்னைச் சேலைத் தொட்டிலில் குடோனில் கட்டிப் போட்டுவிட்டுக் காய் பொறுக்கியவள் நான். ஆனால் அவள் வேலையை விடக் கூடாது. நான் வரவில்லை என்றால் அவள் விட வேண்டி வரும், அது எனக்குத் தெரியாதா? அதனால்தான் இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் விட்டால் முதலில் ஒரு வருடம் என்பாள், பிறகு பள்ளிக்கூடம் சேரும்வரை என்பாள், பிறகு உனக்கு ஐம்பது ஆகி நீ கிட்டார் வாசிக்கும்போது அவள் உனக்குக் காப்பி கொண்டுவந்து வைப்பாள். அப்போது அவள் யாரைப் பார்த்து வயிறெரிவாள்? உன்னைப் பார்த்துத்தான். பொறாமைப்படுகிற பெண்டாட்டியோடு ஓய்வுக்காலத்தைக் கழிப்பது எப்படி இருக்கும் என்று உன் அப்பாவிடம் கேட்டுப் பார்.

நீ பணம் சேர்க்க வேண்டாம் என்று சொல்லவில்லை. சேர். ஃபண்டில் போடு, ஆஸ்பத்திரிச் செலவுக்குத் தனியாக இன்சூரன்ஸ் போடு, கடனை முடி, பிள்ளையின் கல்யாணம் வரும்போது உன் முதுமைக்கு வைத்ததில் கை வைக்காதே. உன் அப்பா ஓய்வு பெற்றபோது மொத்தமாக வந்த காசு மாடி கட்டவும் உன் வீட்டுக்கு முன்பணம் கொடுக்கவும் போய்ச் சேர்ந்தது, என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை, நானும் அதில் எனக்கு ஒரு பங்கு உண்டு என்று நினைக்கவில்லை. நீ நிவேதா பேரில் தனியாகப் போடு. அவள் சம்பளம் வீட்டுச் செலவுக்கு, உன் சம்பளம் சேமிப்புக்கு என்று வைக்காதே, கடைசியில் சேர்ந்தது எல்லாம் உன் பேரில் நிற்கும். நாமினி போட்டிருக்கிறேன் என்று பீற்றிக்கொள்ளாதே. நாமினிக்கு நீ போன பிறகுதான் காசு. அதைவிட முக்கியம், அவளுக்கு எந்த வயதில் அடுப்பிலிருந்து ஓய்வு என்பதையும் அந்த லேப்டாப்பில் எழுது. பணம் சேர்ந்தால் ஓய்வு தானாக வந்துவிடும் என்று நினைக்கிறாய். உன் அப்பாவுக்குப் பென்ஷன் வருகிறது, சரி. அந்தப் பதினோரு மணிக் காப்பி எங்கிருந்து வருகிறது?

இனி என் முடிவு. போன திங்கட்கிழமை காலையில் உன் அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "என்னங்க, பிள்ளயப் பாத்துக்கிட நீங்க போங்க" என்றேன். பேப்பர் இறங்கவில்லை. "எங்க?" என்று அதன் பின்னாலிருந்து குரல். "மெட்ராசுக்கு." "நீதான் போறேல்ல, நான் வேற எதுக்கு?" "நான் போகல. நீங்கதான் போறீக." அப்போதுதான் பேப்பர் இறங்கியது. "ஏய், நானா? பிள்ளயப் பத்தி எனக்கு என்ன தெரியும்?" "கம்பத்துல ஏறிக் கரண்டையே பிடிச்ச ஆளு, பிள்ளயப் பிடிக்கத் தெரியாதாக்கும்?" "ஊரு சிரிக்கும்டீ." "சிரிக்கட்டும். நீங்கதான் இங்கன இருக்க மாட்டீகளே, ஒங்க காதுல எங்க விழப்போகுது?" சட்டையை மாட்டிக்கொண்டு விருட்டென்று வெளியே போனார். இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நானும் வலியப் போய்ப் பேசவில்லை. மூன்றாம் நாள் நான் பால் காய்ச்சும்போது அடுப்படி வாசலில் வந்து நின்று, எங்கேயோ பார்த்துக்கொண்டு, "பாலு எம்புட்டுச் சூடு இருக்கணும்?" என்று கேட்டார்.

இப்போது பழகிக்கொண்டிருக்கிறார். காப்பி போடக் கற்றுக்கொண்டார், வாயில் வைக்க முடியவில்லை, நான் நல்லா இருக்கு என்று சொல்லவும் இல்லை. பக்கத்து வீட்டில் பிரசவத்துக்கு வந்திருக்கிற பெண்ணின் குழந்தையைத் தூக்கிப் பழகுகிறார். அது அழுதால் முதுகைத் தட்டி, "இந்தா வந்துரும், இந்தா வந்துரும்" என்கிறார். கரண்ட் போன வீட்டுக்காரர்களிடம் இத்தனை வருடம் சொல்லிச் சொல்லிப் பழகிய வாய், வேறென்ன வரும்? ஆனால் குழந்தை அடங்குகிறது. அதைப் பார்த்து எனக்கு ஆச்சரியம். போகும் முன் பென்ஷனில் பாதி மாதாமாதம் என் கணக்குக்கு வரும்படி பாங்கில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள் என்றேன். எதற்கு என்று கேட்க வாயெடுத்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கவில்லை.

அவர் போன பிறகு நீ என்னம்மா பண்ணுவாய் என்று கேட்பாய். ஒன்றும் பண்ண மாட்டேன். பசித்தால் சாப்பிடுவேன், பசிக்காவிட்டால் அடுப்புப் பற்ற வைக்க மாட்டேன். சும்மா இருப்பது எப்படி இருக்கும் என்றே எனக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கிறது. டிக்கெட்டில் பேரை மாற்று. ஒரே குடும்பம் என்றால் மாற்றலாமாம், பேச்சியைக் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்கே போய்க் கேட்டுவிட்டேன். உன் அப்பா ஆம்பளை, அவருக்குப் பொறுமை போதாது, நீ ஆபீஸ் விட்டு வந்ததும் பிள்ளையை வாங்கிக்கொள். நிவேதா வரும்வரை காத்திருக்காதே.

கல்நெஞ்சுக்காரி என்று நீ நினைக்கலாம். தேவதானப்பட்டியில் அந்தப் பிள்ளை என் விரலைப் பிடித்துக்கொண்டு விடாமல் இருந்தது, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டு வந்தேன். அந்தப் பிடி இன்னும் கையில் இருக்கிறது. டிக்கெட்டை வைத்துக்கொண்டு வந்துவிடலாமா என்று இதை எழுதும்போதுகூட இரண்டு தடவை பேனாவை மூடினேன். வர மாட்டேன். ஆனால் ஒன்று செய். உன் அப்பா தோளில் பிள்ளை தூங்குகிற மாதிரி போட்டோ எடுத்தால் எனக்கு அனுப்பாதே. கொஞ்ச நாளைக்காவது அனுப்பாதே. அந்த மனுஷனுக்கு இதுவும் கிடைத்துவிட்டதே என்று பொறாமையில் செத்தே போவேன்.

உன் அம்மா